தமிழ்ப் பள்ளியில் பேசிய இனுவிட் சகோதரிகள்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அந்த இரண்டு சகோதரிகளையும் கூட்டிவந்தவள் நான்தான். கனடாவின் வடகோடிப் பனிநாட்டைச் சேர்ந்த இனுவிட் முதியவர்கள்; என்னோடு வேலை செய்யும் பெண்ணின் தாயும் சின்னம்மாவும். சிறுவயதில் இருவரையும் வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளியில் விட்டு, தாய்மொழி பேசினால் அடித்திருக்கிறார்கள். அந்தக் கதையை எங்கள் பெற்றோருக்குச் சொல்லும்படி கேட்டேன். மறுக்காமல் வந்தார்கள்.

அக்கா தன் மொழியில் பேசுவது, தங்கை அதை ஆங்கிலத்தில் சொல்வது என்று ஏற்பாடு. எங்கள் பள்ளி அதிபர் நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் மணிக்கூட்டையே பார்ப்பவர். நேரம் போதாது, நேராக ஆங்கிலத்திலேயே பேசிவிடுங்களேன் என்று அக்காவிடம் கேட்டார். தமிழ்ப் பள்ளி அதிபர் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா மூக்கைச் சுருக்கினார்.

"ரோல்ஸ் மணம் ஒத்துவரேல்லைப் போல. யன்னலைத் திறவுங்கோ பிள்ளை," என்றார் அதிபர் என்னிடம். விடிய எழும்பி, இறைச்சி வைத்துச் சுருட்டி நான் பொரித்த ரோல்ஸ்!

நான் யன்னலடிக்குப் போவதைக் கண்டு தங்கை சிரித்துவிட்டு விளக்கினார். அவர்களிடம் மூக்கைச் சுருக்கினால் 'மாட்டேன்', புருவத்தை உயர்த்தினால் 'ஓம்'. வாயைத் திறந்தால் அடி விழுந்த விடுதியில், சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். எந்த ஆசிரியராலும் அதை நிறுத்த முடியவில்லை.

"குறை நினையாதேங்கோ. அவ தன்ரை மொழியிலையே பேசட்டும். எவ்வளவு நேரம் எண்டாலும் இருப்பம்," என்றார் அதிபர் தங்கையிடம்.

அக்கா பேசினார். தங்கை தொடர்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்: ஏற்றிப்போன விமானம், வெட்டப்பட்ட கூந்தல், பெயருக்குப் பதிலாகக் கிடைத்த இலக்கம். ஊர் திரும்பியபோது தாய் பேசியதில் பாதி விளங்கவில்லை. விட்டதையெல்லாம் மீண்டும் பிடித்து, இன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு இருவருமே மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திடீரென்று தங்கை நிறுத்திவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. ஒரு சொல், ஒரு இடைவெளி, இன்னொரு சொல். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் அதிபர், என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்களோடு விடுதியில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள்," என்றார் தங்கை, கன்னத்தைத் துடைத்தபடி. "வீட்டில் வைத்த பெயர்கள். அவற்றுக்கு ஆங்கிலம் கிடையாது."

அதிபர்தான் முதலில் எழுந்து நின்றார்.