சூளைக்கு எட்ட நின்றவள்

புதிதாக வெந்த செங்கல்லின் மேல் மழை விழும்போது ஒரு வாசனை எழும். சுட்ட மண்ணும் புகையும் ஈரமும் கலந்த அந்த வாசனையை 'ஆகா' என்று மூச்சிழுத்து ரசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். என் அம்மாவின் பேர் கெட்டுப்போனது அந்த வாசனைக்கு நடுவில்தான்.

பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர். ஆடுகளும் கொஞ்சம் மானாவாரிக் கரிசலும்தான் பிழைப்பு. ஓலைக்குடிசையைப் பிரித்துவிட்டுச் செங்கல் வீடு கட்ட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. தனிக் கரிசலில் செங்கல் அறுத்தால் காயும்போதே பாளம் பாளமாகப் பிளந்துவிடும் என்பதால், ஊரில் எல்லாரும் கண்மாய் மண்ணைத்தான் அள்ளுவார்கள். அப்பாவுக்கோ சொந்த மண்ணில்தான் சொந்த வீடு என்று ஒரு வீறாப்பு. எங்கள் புஞ்சையை ஒட்டிய ஓடைக்கரையை வெட்டி, செவல் மண்ணும் மணலும் கலந்து, தண்ணீர் விட்டு மிதிக்கச் சொன்னார். மிதித்ததில் பாதிக்கு மேல் அம்மாவின் கால்கள். அந்த மண்ணில் "சுக்காங்கல்" என்று நாங்கள் சொல்லும் வெள்ளைப் பொடிக்கற்கள் நிறையக் கிடந்தன. உருண்டையாக இருந்தவற்றைத் தட்டாங்கல் ஆட நான் பொறுக்கிக்கொண்டேன். மற்றவற்றை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அறுத்த கல் வெயிலில் காய்ந்ததும், அடியில் விறகு தள்ளுவதற்குக் "கண்" விட்டுச் சூளையாக அடுக்கி, வெளியே சேறு பூசி, உடைமர விறகையும் வேலிக்கருவை முள்ளையும் திணித்துத் தீ மூட்டினார்கள். முதலில் மண்ணின் ஈரமெல்லாம் வெள்ளைப் புகையாக வெளியேறும். அது நின்று உள்ளே செக்கச்செவேலென்று ஆகும்வரை தீயை அவசரப்படுத்தவும் கூடாது, அணையவிடவும் கூடாது. முகப்பில் வேப்பங்குலையும் பிய்ந்த செருப்பும் தொங்கும். தீ உள்ளே இருக்கும்வரை சூளை ஒரு சாமி. "வீட்டுக்குத் தூரமான" பெண்கள், அதாவது மாதவிலக்கானவர்கள், அதன் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது. இந்தச் சட்டங்களைக் காவல் காக்க அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வந்து உட்கார்ந்துகொண்டாள். மண் மிதிக்கும்போது அவளை அந்தப் பக்கமே காணோம்.

சூளை எரிந்துகொண்டிருந்தபோதே அம்மா வீட்டுக்குத் தூரமானாள். ஆட்டுக்கொட்டிலின் ஓரத்தில் சாக்கை விரித்து ஒதுங்கியிருந்தாள். நல்ல உச்சி வெயில். அப்போதுதான் ஓட்டம் பழகியிருந்த என் தம்பி, ஓர் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு நேரே சூளைக் கண்ணைப் பார்த்து ஓடினான். அப்பா மறுபக்கம் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அத்தை கத்தினாள்; கத்த மட்டும்தான் செய்தாள். அம்மா எழுந்ததும் ஓடியதும் எனக்குத் தெரியாது, தம்பி அவள் இடுப்பில் இருந்ததுதான் தெரியும். அவளுடைய சேலை முந்தி கருகியிருந்தது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"ஏட்டி கூறுகெட்டவளே, எங்கன வந்து நிக்கன்னு தெரியுதா?" என்றுதான் அத்தை கேட்டாள்.

சூளை ஆறிப் பிரித்தபோது கல் அருமையாக வந்திருந்தது. தட்டினால் கணீரென்றது. அப்பா ஒரு கல்லைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார், அத்தையும் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். சுவர் எழுப்ப நாள் பார்ப்பதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. மழை வெறித்த பிறகு போய்ப் பார்த்தால், அடுக்கியிருந்த கல் பாதிக்கு மேல் சில்லுச் சில்லாகத் தெறித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பின் நடுவிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த வெள்ளையை யாரும் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா! தூரமானவ மிதிச்ச எடத்துல கல்லு நிக்குமா?" என்றாள் அத்தை.

அப்பா வாயைத் திறக்கவில்லை. அவர் மகனைத்தான் அவள் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மௌனத்துக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தப்பிய கல்லில் பின்சுவர் மட்டும் எழும்பியது. மற்ற மூன்றும் மண்சுவர். அம்மா ஊருக்குள் "கல்லக் கெடுத்தவ" ஆனாள். விதைப்புக்குப் போனால் எட்ட நில் என்றார்கள், வேறு யாராவது சூளை போட்டால் அந்த வழியே வராதே என்றார்கள். போகப்போக, யாரும் சொல்லாமலே அவளாக எட்ட நிற்கப் பழகிக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

இந்தக் கோடையில் தம்பி அந்தப் பழைய வீட்டை இடித்துப் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினான். ஹாலோ பிளாக் லாரியில் வந்து இறங்கியது. சூளை இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக சோலார் பலகைகள். பின்சுவரிலிருந்து விழுந்த கல் ஒன்றைக் கொத்தனார் கரண்டியால் தட்டி உடைத்தார். நடுவில் அதே வெள்ளைப் பொட்டு.

"சுக்காங்கல்லப் பொறுக்காம மிதிச்சிருக்காவ. சூளையில வெந்தா அது சுண்ணாம்பாயிரும். அப்புறம் தண்ணி பட்டா ஊதி வெடிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

நான் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா வழக்கம்போலத் தள்ளி, ரோட்டோர வேம்படியில் நின்றுகொண்டிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலை போடுகிறவள்; வெள்ளையைக் கட்டைவிரலால் சுரண்டிப் பார்த்தாள்.

"சுண்ணாம்புதான்" என்றாள். துண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "உங்கத்தயும் போயிட்டா, உங்கப்பாவும் போயிட்டாவ. இத இனி யாருகிட்டட்டி போய்ச் சொல்லுத?" என்றாள்.

கடைக்கால் குழியிலிருந்து தம்பி கூப்பிட்டான்: "எம்மா, வா. மொதக் கல்ல நீதான் எடுத்து வைக்கணும்."

அம்மா அந்தச் செங்கல் துண்டை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"நீ வையிலே. நான் இங்கனயே நிக்கேன்."