முடிச்சு அக்கா

மணிமாலை கோக்கிறவர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. அதில் தன் முகத்துக்குப் பதில் செவ்வரத்தம்பூப் படம் போட்ட ஒருவரின் கைவேலையைக் கண்டு நாங்கள் வாய்பிளப்போம். “அக்கா, முடிச்சு அவிழுது, என்ன செய்யிறது?” என்று யார் கேட்டாலும் அவரிடமிருந்து உடனே பதில் வரும்.

எனக்கு நீலமணி தீர்ந்தபோது, துறைமுக வாசலுக்கு வந்தால் தன்னிடம் இருப்பதைத் தரலாம் என்று அக்கா குழுவிலேயே எழுதினார். பாலையூற்றிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

வாசலில் நின்றவர் இழுவைப்படகில் வேலை செய்யும் ஆறடி மனிதர். அடர்ந்த மீசை, இடுப்பில் கிறீஸ் படிந்த களிசான், கதலிப்பழம் போன்ற விரல்கள். மணிப் பொட்டலத்தை மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டி, பல்லால் இறுக்கி, கப்பலைக் கரையோடு கட்டுகிறவர்போல இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் தந்தார்.

“நீங்களோ அக்கா?”

“ஓம் பிள்ளை.”

“ஆம்பிளை எண்டு ஏன் சொல்லேல்லை?”

“முதல் நாளே ஒரு பிள்ளை அக்கா எண்டு கூப்பிட்டு முடிச்சுக் கேட்டவ. அவவுக்கு அவசரம், அதைச் சொல்லிக் குடுத்தன். பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு.” தலையைச் சொறிந்தார். “நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு ஒருத்தரும் என்னட்டக் கேக்க மாட்டினம்.”

வீட்டில் அந்தப் பொட்டலத்தைக் கத்தரிக்கோலால்தான் திறக்க முடிந்தது. அதற்குள் குழுவில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள், அக்கா ஆள் எப்படி என்று.

பொய் சொல்லவும் மனம் வரவில்லை. நெடுநேரம் யோசித்து எழுதினேன்: “நல்ல உயரம்.”