மேஸ்திரியின் அம்மா

மூன்று வருடங்களில் ஒரு நாள்கூட அவள் மகள் புத்தகத்தை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனதில்லை. மணி அடித்த பிறகு வாசலில் நின்றதில்லை. போன வருடம் கணக்கில் வகுப்பிலேயே முதல். இந்த வருடம் வகுப்புத் தலைவி. சட்டையில் பித்தளை பேட்ஜ். இத்தனையும், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளுக்கு நானூறு விரிப்பு மடிக்கிற, கணவன் விட்டுப்போன, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி ஒற்றை ஆளாகச் சாதித்தது.

சலவைக்கூடத்தில் எந்த விரிப்பு எந்த வார்டுக்கு என்று தெரிய, மூலையில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டிருக்கும். அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். கணக்கு நோட்டின் மூலையில் சிவப்பு நூல், மொழிப்பாடத்துக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம், டிராயிங்குக்கு மஞ்சள். சமையலறைச் சுவரில் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து வரிசையாக நூல்துண்டுகள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பையை அடுக்குவாள்.

“இன்னைக்கு டிராயிங் இருக்கும்மா. மஞ்சள விட்டுட்டே.”

“நீ பல்லு தேய்ச்சு முடி மேஸ்திரி. மஞ்சள் உள்ள போயாச்சு.”

மகளுக்கு ஒன்பது வயது. இடுப்பில் கைவைத்து நின்று வேலை ஏவுவதால் அந்தப் பட்டம்.

வீட்டுப்பாடத்தைச் சோதிப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நோட்டைத் திறந்து காட்டும்போது, சந்தேகமான விடையை மகளின் கட்டைவிரல் தானாகப் போய் மறைக்கும். “அந்த மூணாவத அழிச்சிட்டு மறுபடி போடு” என்பாள். பெரும்பாலும் அதுதான் தப்பாக இருக்கும்.

“உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?”

“உன் மூஞ்சியை மடிச்சுப் பார்த்தேன். மூலை சேரலடி.”

அவளுக்கு எட்டாமல் போனது ஒன்றுதான். இந்த வருடத்திலிருந்து வீட்டுப்பாட டைரியில் தினமும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சின்ன வயதில், ஒருத்தியைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்றானபோது அக்கா போனாள். இவள் கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டாள். அக்கா எட்டாவது வரை படித்தாள். அதன்பிறகு எந்தப் படிவம் வந்தாலும், “தள்ளு, நான் போடறேன், சட்டுனு முடியும்” என்று வாங்கிப் போட்டுவிடுவாள். ஒரு தடவையாவது பேனாவைத் தங்கை கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. டைரிக்காகத் தினமும் அக்கா வீட்டுக்கு ஓட முடியாதே. “நீயே என் பேரைப் போட்ருடி” என்று மகளிடம் சொல்லிவிட்டாள். மகளும் ஜூன் மாதத்திலிருந்து போட்டுவந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் டைரி விரிந்து கிடந்தது.

“பாருங்கம்மா. உங்க கையெழுத்த உங்க பொண்ணே போட்டிருக்கா. கேட்டா, ‘அம்மாவுக்குத் தெரியாது மிஸ், நானாத்தான் போட்டேன்’ங்கறா. கள்ளக் கையெழுத்து போடற பிள்ளைய நான் தலைவியா வச்சிருக்க முடியுமா?”

மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஊசித்துளைகள். பின்னால் வேறு நான்கு பெற்றோர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர், தினம் பார்க்கிற முகம். அவள் வாயைத் திறந்தாள். வந்தது இவ்வளவுதான்:

“இனிமே செய்யமாட்டா மிஸ்.”

வெளியே வந்ததும் மகள் எப்போதும்போல் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தெரு தாண்டியதும் சொன்னாள்.

“விடும்மா. அந்த பேட்ஜ் குத்திக்கிட்டே இருந்துச்சு.”

மகளோடு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். “என் பேரை ஒரு தாள்ல எழுதிக் காட்டு.”

அக்கா பழக்கதோஷத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். “எங்க போடணும், குடு, நான் போட்டுத் தரேன்.”

“நீ போட்டதெல்லாம் போதும்க்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்து, துணியில் குறிபோடும் பென்சிலால் எழுதிப் பார்த்தாள். ஐந்தே எழுத்து. மூன்றாவது எழுத்தின் சுழி மட்டும் வசப்படவே இல்லை. கூட வேலைசெய்கிறவள் எட்டிப் பார்த்து, “என்னக்கா, கோலமா போடறே?” என்றாள். “ஆமா, கோணக் கோலம்” என்று சொல்லிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தாள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் விரிப்பு நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை வகுப்பறை வாசலில் பிள்ளைகளை விடவந்த கூட்டம். மருந்துக்கடைக்காரரும் இருந்தார். அவர்களைத் தாண்டி டீச்சர் மேசைக்குப் போய் நின்றாள்.

“மிஸ், அன்னைக்கு நான் பேசாம போனது தப்பு. எனக்கு எழுதப் படிக்க வராது. பேரைப் போடச் சொன்னது நான். புள்ள என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்லிட்டா.”

வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் டீச்சர் மெதுவாக. சொல்லியிருக்கலாம். பேட்ஜ் நேற்றே முதல் வரிசையில் வேறொரு பெண்ணின் சட்டைக்குப் போய்விட்டிருந்தது.

டீச்சர் டைரியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மகள் ஓடிவந்து, வாசலிலிருந்து யாரும் பார்க்காதபடி முதுகைக் காட்டி மறைத்து நின்றாள்.

“நகரு மேஸ்திரி. வெளிச்சம் வரட்டும்.”

ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். மூன்றாவது எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, அழிக்கவில்லை. தினமும் விரிப்புக் கணக்கையும் தேதியையும் எண்களில் குறித்துப் பழகிய கை, கீழே தேதியை மட்டும் தயங்காமல் போட்டது: 16-10-2025.