வேகத்தடையில் இறங்க ஆளில்லாத கார்

என்னுடையது இருபது வருடப் பழைய கார். அடிப்பக்கம் தாழ்வு. எங்கள் பக்கத்து வேகத்தடைகளோ வரப்பு மாதிரி உயரம். அதனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் மனைவி இறங்கிக்கொள்வாள். குனிந்து வண்டியின் அடியைப் பார்த்து, "தட்டாதுங்க, வாங்க" என்று கையசைப்பாள்.

அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் கடத்தூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்குத் தனியாகப் போனேன். ஒரு ஆள் எடை குறைவுதானே, தட்டாது என்று வேகத்தடையில் நிற்காமல் ஏற்றிவிட்டேன். அடியில் 'டொம்' என்று சத்தம். கொஞ்ச தூரத்தில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய வண்டியில் ஏதாவது எரியத்தான் செய்யும் என்று ஓட்டிக்கொண்டே போனேன்.

பின்னால் மொபெட்டில் வந்த பெண்தான் குறுக்கே வந்து நிறுத்தினார். "ஏங்க, ரோடெல்லாம் ஆயில் ஊத்திக்கிட்டே வருது, பாக்கலீங்களா?"

இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பர் கிழிந்திருந்தது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா இஞ்சினே போயிருக்குமுங்க" என்றார் மெக்கானிக். புது சேம்பர் மாட்டிவிட்டு, "இனிமே ஸ்பீடு பிரேக்கர்ல கூட வர்றவங்கள எறக்கிட்டு ஓட்டுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இஞ்சினை அணைத்துவிடுகிறேன். வேகத்தடையில் நிறுத்தி, நானே இறங்கிக் குனிந்து பார்க்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். "தட்டாதுங்க, வாங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஏறி உட்காருகிறேன்.