திறக்காத ஜெபப் பெட்டி

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை. சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் "அப்படியா பாஸ்டர்!" என்று வாயைப் பிளப்பார், அது எனக்குப் பிடிக்கும். இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் பட்டறையில் கிடந்துவிட்டு ஊழியத்துக்கு வந்தேன். மாடி அறையில் ஏழு பேரோடு ஆரம்பித்த சபையில் இன்று இருநூறு நாற்காலி. கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் நானே பற்றவைத்தவை. இன்றுவரை ஓர் இடத்தில் விட்டுக்கொண்டதில்லை. ஆட்கள்தான் அப்பப்போ விட்டுப் போவார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

என் கைவேலைகளிலேயே நான் அதிகம் மெச்சிக்கொண்டது ஜெபப் பெட்டி. கெட்டியான இரும்புத் தகடு, மேலே காகிதம் நுழைய ஒரு வாய், பக்கவாட்டில் பூட்டு. யாருக்கு என்ன பாரமோ எழுதிப் போட வேண்டும். ஆரம்பத்தில் வாராவாரம் திறந்து ஒவ்வொன்றாகப் படித்து ஜெபித்தேன். அச்செழுத்து எனக்கு வரும். கையெழுத்து என்றால் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர வேண்டும். ஒரு காகிதத்துக்குக் கால் மணி நேரம். ஒருநாள் சாவி காணாமல் போனது. எனக்குக் கவலையே வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு பெட்டியை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, "உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியவர் படித்துவிட்டார்" என்று உருக்கமாக ஜெபித்தேன். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. விருந்தாளியாக வந்திருந்த இன்னொரு பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் சபைக்கும் ஒரு பெட்டி செய்தார். ஆனால் அது மரப்பெட்டி. இப்படியே மூன்று வருஷம் ஓட்டினேன். யார் எதைச் சொல்ல வந்தாலும் "பெட்டியில போடுங்க, ஜெபிக்கிறேன்" என்று அனுப்பிவிடுவேன்.

அந்த முதல் ஏழு பேரில் ஒருவர் பிளம்பர். சபையில் ஓடுகிற தண்ணீர்க் குழாய் அத்தனையும் அவர் போட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில், திராட்சரசம் ஊற்றிய சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை வரிசை வரிசையாக ஏந்திப் போவதும் அவர்தான். ஒரு சொட்டுச் சிந்தாது. ஊர்க் குழாய் ஒழுகுவதையெல்லாம் நிறுத்துகிறவன் தானே ஒழுகவிடலாமா என்று சிரிப்பார். போன வருஷம் திடீரென்று நின்றுவிட்டார். அவர் மனைவி மட்டும் தவறாமல் வந்தார்.

தொழில் பெருகி ஆண்டவரை மறந்துவிட்டார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பின்வாங்கிப் போனவர்களைப் பற்றி நாலு ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம். நாலாவது ஞாயிறு, மூன்றாம் வரிசையில் காலியாக இருந்த அவர் நாற்காலியைக் கையால் காட்டி, "குழாயைத் திருகத் தெரிந்தவனுக்குத் தன் இருதயத்தைத் திருகத் தெரியவில்லை" என்றேன். எனக்கே கைதட்டலாம் போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். பிரசங்கம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"பாஸ்டர், ஒரு விஷயம்..."

"பெட்டியில போடும்மா."

"போட்டிருக்கேன் பாஸ்டர்."

"அப்புறம் என்ன? கவலைய விடு."

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் தையல்கார அம்மா எழுந்தார். என்னவோ அற்புதம் நடந்திருக்கிறது என்று மைக்கை நீட்டினேன். "ஐயா, பெட்டி வாய் வரைக்கும் நெறஞ்சிடுச்சு. கத்தரிக்கோலால குத்தித் தள்ளியும் பாத்துட்டேன், காகிதம் உள்ள போகல" என்றார். மேடையில் நான் என்ன சொன்னாலும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள் போல. இருநூறு முகமும் என்னைப் பார்த்தன. "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டேன். எந்தச் சங்கடத்திலிருந்தும் நான் தப்பிக்கிற வழி அதுதான்.

மறுநாள் மத்தியானம் பழைய பட்டறையில் கிரைண்டர் இரவல் வாங்கி, வீட்டு வாசலில் பெட்டியை அறுத்தேன். நான் போட்ட வெல்டிங் லேசில் விடுமா? இரண்டு பிளேடு தேய்ந்து மூன்றாவதில்தான் வழிவிட்டது. அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு பெருமை. பொறி அடங்கியதும் என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து ஒரு சாவியோடு வந்தாள். ஊசி நூல் டப்பாவில் கிடந்ததாம்.

"மூணு வருஷமாவா? சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க தேடி நான் பாக்கலையே."

முந்நூறுக்கு மேல் காகிதம். விரலை வைத்துப் படிக்க உட்கார்ந்தேன். பெயரைப் பார்த்துப் பிரித்ததில் பிளம்பருடையது மட்டும் நாலு. முதல் காகிதத்தில், வலது கை நடுங்குகிறது, திருவிருந்துத் தட்டை இனிப் பிடிக்க முடியாது, காரணத்தை யாருக்கும் சொல்லாமல் வேறு ஆளை வையுங்கள், ஒரு நடை வீட்டுக்கு வாங்க என்று எழுதியிருந்தார். இரண்டாவதில் ஸ்பேனர் நிற்கவில்லை, வேலைக்குப் போவதில்லை என்று இருந்தது. அடுத்ததில் எழுத்து கோணிக்கொண்டு போனது. நாலாவதில் "வாங்க" என்ற ஒரு சொல்தான், பக்கம் முழுக்க. ஐந்தாவது அவர் மனைவியின் கையெழுத்து: "பாஸ்டர் வரமாட்டார்னு நான் சொல்லிட்டேன். இன்னும் ஒரு தடவை எழுதுன்னு கெஞ்சுறார். அதுக்காக எழுதுறேன்."

சட்டைகூட மாற்றாமல் கிளம்பினேன். பிளம்பர் வீடு மூன்றாவது மாடி. கதவுக்குப் பின்னால் அவருடைய கருவிப் பை தூசி படிந்து தொங்கியது. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை மூன்று வருஷமாகத் திறக்கவே இல்லை என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? உள்ளே என்ன இருந்தது என்று கடவுளுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில், என்று இழுத்தேன்.

"கடவுளுக்குச் சொல்ல எனக்குப் பெட்டி எதுக்கு பாஸ்டர்? அவர்கிட்ட நேராவே சொல்லிட்டேன். அது உங்களுக்கு எழுதினது."

என்னை அறியாமல் கண்ணை மூடி "ஜெபிப்..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணத் தெறங்க பாஸ்டர்" என்றார் அவர் மனைவி. "ஜெபம் அப்புறம். இன்னைக்கு உக்காந்து கேளுங்க."

கேட்டேன். முப்பது வருஷ ஊழியத்தில் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் நான் உட்கார்ந்தது அன்றுதான். நாற்காலிப் பிரசங்கத்தை ஒரு வார்த்தை விடாமல் அவர் மனைவி எனக்கே திருப்பிச் சொன்னார். புறப்படும்போது, சபைக்கு வருவீங்களா தம்பி என்று பிளம்பரைக் கேட்டேன். "நாற்காலியைக் காட்டின அதே கையோட அங்கேயே நின்னு, நீங்க செஞ்சதச் சொல்லுங்க. அப்புறம் பாப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. மூன்றாம் வரிசை நாற்காலி காலி. அவர் நோயைப் பற்றி மூச்சுவிடாமல், என் கதையை மட்டும் சொன்னேன்: சாவி, கையெழுத்துக்குப் பயந்தது, காரணம் தெரியாமலே ஒருவர்மேல் தெரிந்த மாதிரி பழி போட்டது. பாதியில் கதவு திறந்தது. பிளம்பர் மனைவியோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு மிச்சப் பேச்சு மறந்துவிட்டது.

தட்டை நானே எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு அதை ஏந்திப் பழக்கமில்லை. மூன்றாம் வரிசை போய்ச் சேர்வதற்குள் இரண்டு கிண்ணம் சாய்ந்து என் வெள்ளைச் சட்டை முழுக்கத் திராட்சரசம். பிளம்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"குடுங்க பாஸ்டர். உங்களுக்கு நானே தேவல."

தட்டின் ஒரு பக்கத்தை அவரும் மறு பக்கத்தை அவர் மனைவியும் பிடித்துக்கொண்டார்கள். கிண்ணங்கள் கடகடவென்று சத்தம் போட்டன. நான் சிந்திய அளவுக்கு அவர்கள் சிந்தவில்லை. நான் போய் அந்த மூன்றாம் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முந்நூறில் இதுவரை நாற்பத்தொரு காகிதம் படித்து, முப்பத்தேழு வீட்டுக்குப் போய்விட்டேன். வேறு எந்தப் பாஸ்டர் இந்த வேகத்தில் போவார், சொல்லுங்கள்?