கிளை எட்டாத ரோடு

பழங்காநத்தத்தில் ரோடு போடுகிறார்கள். தார் வாசம் வந்ததும் அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

மலையடிக் காட்டுக்குள் தார்ரோடு போட்ட கூலியாட்களில் அவரும் ஒருவர். ஒருநாள் சாயங்காலம் மண்ணெண்ணெய் தொட்டுப் பாதங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரோட்டுக்காக மரத்த வெட்டிட்டோம்ல, பொழுது சாயவும் ஒரு தேவாங்கு கிளை நுனிக்கு வந்து எதுத்த மரத்துக்குக் கைய நீட்டுது தாயி. எட்டல."

"எறங்கி நடந்து போகச் சொல்லுங்கப்பா" என்றேன்.

லாரிகள் ஓடத் தொடங்கிய வாரம், "நீ சொன்ன மாதிரியே எறங்கி நடந்துச்சு" என்றார். நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் போட்டுக் கைகளை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ரோட்டிலிருந்து அதை அள்ளி எடுத்த கைகள் அவை என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

புதுத் தார் மின்னுகிறது. வண்டியை வேறு தெருவுக்குத் திருப்புகிறேன்.