வெர்டி வாங்கிய நாலு தாங்கிகள்

விடிகாலை நாலு மணிக்கே மீன்பிடிச் சாமான் கடை திறக்கிறவனுக்கு மத்தியானம் மூணு மணிக்கு மூளை வேலை செய்யாது. அந்த நேரம் பார்த்துத்தான் வெர்டி வருவாள். கோழி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே என் கடைதான். அவள் மேலெல்லாம் குளோரின் வாடை அடிக்கும். வந்ததும், படகு விளிம்பில் பூட்டித் தூண்டில் கம்பை நிறுத்தி வைக்கிற தாங்கிகள் மாட்டியிருக்கிற சுவர் முன்னால் நின்றுவிடுவாள். ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், ஒன்றையும் தொடமாட்டாள். போய்விடுவாள். மூன்று வாரமாக இதே கூத்து.

அவளும் நானும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். இருபத்தாறு வருஷமாகக் கோழியின் எலும்பை நீக்குகிற வரிசையில் கத்தி பிடிக்கிறாள். புருஷன் டாயல் மரலாரி ஓட்டுகிறான். திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வீடு. ஞாயிறு சர்ச்சுக்கும் தூக்கத்துக்கும் போய்விடும். மிச்சம் இருப்பது சனிக்கிழமை. க்ரெனாடா ஏரியில் படகின் மூக்கில் ரெண்டு நாற்காலி, ஆளுக்கு நாலு தூண்டில், எட்டையும் சிலந்திக் கால் மாதிரி முன்னால் விரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குடும்பம் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த ஏரியில் பிடிக்கிற கிராப்பி மீனின் வாய் நனைந்த காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து, மீன் தப்பிவிடும். டாயல் இழுத்தால் பாதி போகும். வெர்டி தூக்கினால் ஒன்றுகூடப் போகாது. அப்படிப்பட்ட கை அது.

இந்த வசந்தத்தில் டாயல் என்னிடம் புதுத் தாங்கிகள் வாங்கிப் போட்டான். போட்டிக்குப் போகிறவர்கள் பீற்றிக்கொள்கிற ரகம். தூண்டிலை வைத்ததும் கவ்விக்கொள்ளும். எடுக்க வேண்டுமானால் கட்டைவிரலால் அழுத்தி விடுவிக்க வேண்டும். சாய்வை மாற்ற ஒரு திருகை முறுக்கித் தளர்த்த வேண்டும். நான்தான் பெருமையாகப் பூட்டிக் கொடுத்தேன். அந்த வாரத்திலிருந்து வெர்டி ஏரிக்குப் போகவில்லை. முதலில் தலைவலி என்றாள், அப்புறம் தங்கை வீட்டுக்குப் போகணும் என்றாள். டாயல் எட்டுத் தூண்டிலையும் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. வாங்கினால் வாங்கு, இல்லையென்றால் எனக்கு ஒரு காபியாவது ஊற்றிக் கொடு என்று எரிந்து விழுந்தேன். காபி வைத்திருக்கிற மூலைக்குப் போனாள். காபி ஜாடியை ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கினாள். விரல்கள் மடங்கவே இல்லை.

“டாயல்கிட்ட சொல்லிராத, லைமன்,” என்றாள். “கத்தியக் கையோட சேர்த்துக் கட்டிக்கிட்டுத்தான் வேலை ஓடுது. கை போச்சுன்னு தெரிஞ்சா வேலைய விடும்பாரு. நான் விட்டா அவரு சனிக்கிழமையும் லாரி எடுப்பாரு. அப்புறம் எங்களுக்கு என்ன இருக்கு?”

கடையைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு தாங்கியாகக் கல்லா மேசை விளிம்பில் மாட்டினேன். ஒன்றில் கவ்வுகிற பல் கடினம். ஒன்றின் வாய் ஆழம், மணிக்கட்டு நுழையவில்லை. ஒன்றில் திருகு. அவள் ஒவ்வொன்றிலும் தோற்று, ஒவ்வொரு தடவையும் மேசையில் சாய்ந்து மூச்சு விட்டாள். நாள் முழுக்க நின்ற கால் வேறு. கடைசியில் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்த பச்சைத் தாங்கியை எடுத்தேன். யாரும் வாங்காத ரகம். மேலே திறந்த வாய், தூண்டில் சும்மா கிடக்கும். பக்கத்தில் நீளமாக ஒரு நெம்புகோல், முழங்கையால் அமுக்கினால் தாங்கியின் சாய்வு பல் பல்லாக ஏறும், இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும். ரெண்டு மணிக்கட்டையும் அடியில் கொடுத்துத் தூண்டிலைத் தூக்கினாள். வந்துவிட்டது. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள். என் பக்கத்துக்கு நாலு போதும் என்றாள். டாயல் கேட்டால், பச்சை நிறம் பிடித்துப்போய் வாங்கினாள் என்று சொல்லு என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டில் படகைப் பார்த்துவிட்டு டாயல் வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள், கண்ணெல்லாம் சிவப்பு. நான் பச்சை நிறப் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவே இல்லை.

“அந்தப் பச்சைத் தாங்கி இன்னும் நாலு குடுப்பா.”

“உன்னோடது புதுசுதானே?”

“ஒடஞ்சு போச்சு.”

“நாலுமா?”

“நாலும்.”

சுத்தியலால் அடித்தாலும் உடையாத சாமான் அது. நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் தூண்டில் முள் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரு வருஷமா ஊறுகாய் ஜாடியத் திறக்க எங்கிட்டதான் நீட்டுறா,” என்றான். “தெரியாதா எனக்கு? கெட்டியாப் பிடிக்கிற தாங்கியா இருந்தா அவ கை பிடிக்க வேண்டாமேன்னு நெனச்சேன். எடுக்கிறப்ப அவ என்ன பண்ணுவான்னு யோசிக்கலப்பா, நான் ஒரு மடையன்.”

தாங்கிகளை எடுத்துக்கொண்டு, அவளிடம் சொல்லிவிடாதே, எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் கூச்சப்பட்டுக்கொண்டு வரமாட்டாள் என்றான். ஒரு கிழவன் எத்தனை பொய்யைத்தான் சுமப்பது. சரி என்றேன்.

சனிக்கிழமை, இரைக்கு விற்கிற பொடிமீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றக் கரைக்குப் போனேன். பக்கத்திலேயே, முறிந்த மரக்கட்டைகள் நடுவே அவர்கள் படகு. எட்டும் பச்சை. வெர்டி முழங்கையால் அமுக்கி அமுக்கி நுனிகளைத் தண்ணீருக்குச் சரியாக இறக்கி வைத்தாள். டாயலும், கை நன்றாக இருந்தும், முழங்கையாலேயே அமுக்கினான்.

அவள் பக்கத்து நுனி ஒன்று சற்றே தாழ்ந்தது. தூண்டிலின் அடியைக் கக்கத்தில் இடுக்கி, மணிக்கட்டுகளால் மெல்லத் தூக்கினாள். தூண்டில் ஆடியது. தோள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. எப்போதும் முந்திக்கொண்டு பாய்கிறவன் டாயல். அன்றைக்கு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எதிர்க்கரையைப் பார்த்தான். மீன் தண்ணீரை விட்டு மேலே வந்தது. வாய் கிழியவில்லை.

“என்னங்க, மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? வலைய நீட்டுங்க,” என்று வெர்டி அதட்டுவது கரைவரை கேட்டது.

அப்புறம்தான் அவன் கையை வெளியே எடுத்தான்.